எனக்கு ஆடவும் வராது, பாடவும் வராது. பிள்ளைகளுக்குக் கலை வழியாகப் பண்பாட்டை எப்படிப் படிப்பிப்பது?

கேள்வி கேட்டவர் யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக நியமனம் கிடைத்துப் போன ஆரம்பப் பிரிவு ஆசிரியை. அதிபர் கூப்பிட்டு, "தரம் நாலு, ஐந்து பிள்ளைகளுக்கு எங்கட பண்பாடு விளங்கவேணும், வாய் திறந்து தங்களை வெளிப்படுத்தவும் பழகவேணும், கலையைப் பாவிச்சு ஏதாவது செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டாராம். இவருக்குப் பரதமும் தெரியாது, சங்கீதமும் தெரியாது. அதனால் யூடியூப்பில் பார்த்துப் பழக்கக்கூடிய கிராமிய நடனம் ஏதும் உண்டா என்று கேட்கிறார். தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிற நேரத்தில் பெற்றோர் சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது என்றும் கேட்கிறார்.

ரீச்சர், நீங்கள் கேட்டது ஒரு நடனத்தின் பெயரை. ஆனால் உங்களை உண்மையில் உறுத்துகிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன். கலை கைவராத ஒருவர் கலையை வைத்துப் படிப்பிக்க முடியுமா? "எங்கட பண்பாடு" என்று அதிபர் சொன்னாரே, அது எது, யாருடையது? முதல் கேள்விக்கு என் பதில், முடியும். இரண்டாவதைக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் கதைக்கவேண்டும். நான் 29 வருடம் நாடகமும் அரங்கியலும் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அதில் முதல் ஏழு வருடம் உங்களைப்போல ஆரம்பப் பிரிவில், எல்லாப் பாடமும் எடுத்த வகுப்பாசிரியன். சொல்லப்போவதில் பாதி அந்த ஏழு வருடத்தில் பட்ட அடி.

ஒரு சின்ன விஷயத்தில் தொடங்குகிறேன். நாளைக்கே உங்கள் வகுப்பில் "விருப்பமான காட்சி ஒன்றை வரையுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். முப்பது பிள்ளை இருந்தால் இருபது பிள்ளை இரண்டு மலை கீறும். இரண்டுக்கும் நடுவில் சூரியன், மலையிலிருந்து ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை, மேலே வி வடிவில் நாலு பறவை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை எங்கே இருக்கிறது? பெயருக்கு ஒரு கீரிமலை இருக்கிறது, அதுவும் மலை இல்லை. வருடம் முழுக்க ஓடுகிற ஆறும் கிடையாது. வழுக்கையாறு மாரிக்கு மட்டும் ஓடுகிறது. கடலுக்குப் பக்கத்தில் பிறந்து, பனைக்குக் கீழே விளையாடி வளர்கிற பிள்ளை, கண்ணால் காணாத மலையை ஏன் கீறுகிறது? அதற்கு முதல் ஒரு அண்ணனோ அக்காவோ அப்படிக் கீறி "வெரி குட்" வாங்கியிருப்பார்கள், அதுதான். பண்பாட்டு விழிப்பு என்ற பெரிய சொல்லை நான் விளங்கிக்கொண்டது இந்த இடத்தில்தான். தன்னைச் சுற்றி இருப்பதைப் பார்க்கவும், அது கீறத் தகுந்தது என்று நம்பவும் பிள்ளைக்கு வரவேண்டும்.

என் வகுப்பிலும் இதேதான் நடந்தது. அடுத்த கிழமை நான் "உங்கட வீட்டு வேலியைக் கீறிக்கொண்டு வாங்கோ" என்றேன். அவ்வளவுதான், வேறு விளக்கம் கொடுக்கவில்லை. வந்த படங்களை வாங்கின்மேல் வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்தோம். பின்னிய தென்னோலைக் கிடுகு வேலி, பனையோலை வேலி, பூவரசங்கதியாலும் கிளுவங்கதியாலும் நட்ட உயிர்வேலி, கல்மதில், துருப்பிடித்த தகரம். ஒரு பெடியன் நீலத் தறப்பாள் கட்டிய வேலியைக் கீறி, அதில் இருந்த ஆங்கில எழுத்தையும் அப்படியே பார்த்து எழுதியிருந்தான். "சேர், கிடுகு ஏன் வருசத்துக்கு ஒருக்கா மாத்துறது?" என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி எழும்பித் தன் அப்பப்பா வேலி அடைக்கும்போது கண்ட முழு வேலையையும் கையால் காட்டத் தொடங்கிவிட்டாள்: ஒருவர் வெளியே நின்று குத்தூசி குத்துவது, உள்ளே நிற்பவர் கயிற்றை வாங்கிக் கொடுப்பது. நான் யாரையும் நடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அங்கே நடந்தது நாடகம்தான். மதில் வந்த பிறகு பக்கத்து வீட்டோடு கதைப்பது குறைந்துபோனதாக அம்மம்மா சொன்னாள் என்று ஒரு பிள்ளை எழுதியது. பத்து வயதுப் பிள்ளையிடமிருந்து இதைவிட வேறென்ன வேண்டும்?

அதனால் நடனத்தை யூடியூப்பில் தேடவேண்டாம் என்பேன். நடனம் கூடாது என்றல்ல. எங்களிடம் மேடைக்குப் பழக்குகிற ஒழுங்கு ஏற்கனவே பலமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான தமிழ்த்தினப் போட்டிக்கு கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படி ஏறுகிறோம். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குத் தரம் தரமாகப் பிள்ளைகளை அனுப்புகிறோம். அந்தச் சபையால் இங்கே எத்தனையோ வீடுகளுக்குள் சங்கீதமும் பரதமும் போய்ச் சேர்ந்தன, அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே பிள்ளை செய்வது, ஏற்கனவே முடிந்துபோன ஒரு வடிவத்தைப் பிழையில்லாமல் திருப்பிச் செய்வது. அதற்குத் தேர்ந்த குரு வேண்டும், நீங்கள் அந்தக் குரு இல்லை. உங்கள் அதிபர் கேட்ட "வெளிப்படுத்தல்" அந்தப் பாதையில் கிடைப்பது குறைவு. போட்டிக்குப் போகிற எட்டுப் பிள்ளை ஆடும், மீதி இருபத்திரண்டு பிள்ளை கதிரை தூக்கும். நானும் பல வருடம் அந்த இருபத்திரண்டைக் கதிரை தூக்கவிட்ட ஆள்தான்.

கலையைப் படிப்பிப்பது ஒன்று, கலையால் படிப்பிப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஆசிரியர் கலைஞராக இருக்கவேண்டியதில்லை, நல்லாகக் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். இது நான் கண்டுபிடித்ததில்லை. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய காலத்திலிருந்து யாழ்ப்பாணத்தில் இந்த வழி இருக்கிறது. விளையாட்டு, உடற்பயிற்சி, அந்த இடத்திலேயே புனைந்து நடிப்பது என்று அரங்கைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். வசனத்தைப் பாடமாக்கி, மீசை ஒட்டி, ராசா வேசம் கட்டினால்தான் நாடகம் என்ற எண்ணம் அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. என் தலைமுறை ஆசிரியர்கள் அந்தப் பட்டறைகளின் பிள்ளைகள்.

சரி, யாருடைய பண்பாடு என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடங்களில் "பண்பாட்டு நிகழ்ச்சி" என்றால் பட்டுச்சேலை, குத்துவிளக்கு, வரவேற்பு நடனம் என்று ஒரு அச்சு இருக்கிறது. அதற்கு வெளியே எவ்வளவு கிடக்கிறது என்று பாருங்கள். பாசையூர், குருநகர், நாவாந்துறைப் பக்கம் கத்தோலிக்கக் கூத்து. சைவ ஊர்களில் காத்தவராயன் கூத்து. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து ஊரூராகப் போய் ஆடிய இசை நாடகம். அரிச்சந்திரன் கதையின் மயான காண்டம் என்றால் விடிய விடிய சனம் இருந்து பார்த்த காலம் அது. உங்கள் தீவகத்திலேயே மெலிஞ்சிமுனை கூத்துக்குப் பெயர்போன ஊர். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் சங்கு ஊதிச் சேமக்கலம் அடித்துக்கொண்டு போவது, இணுவில் அளவெட்டிப் பக்கத்துத் தவிலும் நாதஸ்வரமும், கடலில் வலை இழுக்கும்போது பாடுவது, எல்லாம் இதற்குள் வரும். கூத்தைப் "படியாத ஆக்களின்ர ஆட்டம்" என்று ஒதுக்கி வைத்தவர்களும் நாங்கள்தான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் பல்கலைக்கழக மாணவரை வைத்துக் கூத்தைச் சுருக்கி, செம்மைப்படுத்தி மேடை ஏற்றினார். அவற்றில் ஒன்றான இராவணேசன் 1964இல் வந்தது. அதற்குப் பிறகுதான் படித்தவர் வீட்டிலும் கூத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது. மரியாதை கிடைத்தது கூத்துக்கு. அதை அதுவரை சுமந்த, கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாருக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது வேறு கதை.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். தரம் ஐந்துக்கு ஒருமுறை, ஏற்றம் போட்டுத் தண்ணி இறைக்கிற துலாக் கிணற்றை எடுத்தேன். பிள்ளைகள் துலாவைக் கண்ணால் கண்டதில்லை, எல்லா வீட்டிலும் மோட்டர். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொன்னேன். வந்து சொன்னார்கள்: ஆடுகால் இரண்டு, அதன்மேல் துலா, துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்கிறவர், கீழே நின்று தண்ணி அள்ளும் பட்டையைப் பிடிக்கிறவர், தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுகிறவர். பிறகு உடம்பால் அதைக் கட்டினோம். உயரமான இரண்டு பெடியள் ஆடுகால், நாலு பேர் தோளில் கை போட்டுத் துலா, ஒருத்தி பட்டை. மிதிக்கிறவன் ஓர் அடி முன்னுக்கு வைத்தால் துலா சரியவேண்டும், பட்டை கிணற்றுக்குள் இறங்கவேண்டும். முதல் பத்துத் தரமும் குழம்பிப்போய்ச் சிரிப்பு. பிறகு ஒரு பிள்ளை தானாகவே எண்ணத் தொடங்க, எண்ணிக்கை தாளமாகி, தாளம் பாட்டாகிவிட்டது. இறைக்கிறவர்கள் ஏன் பாடினார்கள் என்று நான் விளக்கவேண்டி வரவில்லை. மூன்று பேரின் உடம்பு ஒரே நேரத்தில் அசையப் பாட்டு வேண்டும் என்பதை அவர்கள் காலாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தச் சந்தோசத்தில் நான் நிற்கும்போது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், எங்கட அம்மாச்சி சொன்னா, தங்களை முந்தி அந்தக் கிணத்தில அள்ள விடமாட்டினமாம். ஏன்?" வகுப்பு அமைதியானது. நான் "அது அந்தக் காலம், சரி, இப்ப கொப்பியை எடுங்கோ" என்றேன். அந்தப் பிள்ளையின் முகம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் கிணறும் கோயிலும் தேநீர்க்கடையும் சாதி பார்த்தன. 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போவதற்கே போராட வேண்டியிருந்தது. பறை இன்றைக்கு மேடையில் விழாக்கோலமாக முழங்குகிறது. ஆனால் அதைச் சாவீட்டில் அடிக்கும்படி ஒரு சாதியின் தலையில் கட்டி, பிறகு அடித்ததற்காகவே அவர்களை ஒதுக்கியதும் எங்கள் பண்பாடுதான். பண்பாட்டைக் கலை வழியாகத் திறந்தால் இதுவும் சேர்ந்துதான் திறக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு முழு வரலாறும் சொல்லவேண்டியதில்லை. "ஓம், அப்படித்தான் செய்தார்கள், அது அநியாயம், உன்ர அம்மாச்சி சொன்னது உண்மை" என்று மூன்று வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பிறகு வந்த வகுப்புகளில் சொன்னேன். ஒரு பெற்றோர் வந்து குறைப்பட்டார், கதைத்து அனுப்பினேன். நீங்கள் புதிய ஆள், சின்ன ஊர். இந்தக் கேள்வி எந்த நாளும் வரலாம், வரும்போது என்ன சொல்வீர்கள் என்று முதலே நினைத்து வைத்திருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரையும் மறக்கவேண்டாம். எங்கள் பிள்ளைகள் யாழ்ப்பாண நகரத்து ஐந்துசந்தியைக் கடந்து ரவுணுக்குப் போவார்கள், அங்கே வாழ்ந்த முஸ்லிம் மக்கள் 1990 ஒக்டோபரில் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டதை அறியமாட்டார்கள். வகுப்பில் சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் கலந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நத்தார்ப் பாலன் குடில் கட்டுவதையும் சரஸ்வதி பூசைக்குக் கும்பம் வைப்பதையும் ஒருவருக்கு மற்றவர் படிப்பிக்கட்டும்.

இனிப் பெற்றோரும் பரீட்சையும். இதில் எதை அடித்துச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கவனமாக இருங்கள், இல்லாவிட்டால் பிறகு மாட்டுவீர்கள். "கலை செய்தால் மூளை வளரும், கணக்கில் புள்ளி கூடும்" என்று பேச்சாளர்கள் சொல்லுவார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்து 2000இல் முடிவு வெளியிட்டது. கலை நிறைந்த கல்வியால் பொதுவாகவே மொழியிலும் கணக்கிலும் புள்ளி கூடும் என்பதற்கு அவர்களுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் உறுதியாகத் தெரிந்த ஒன்று, வகுப்பறையில் கதையை நடித்துப் பார்க்கும் பிள்ளைக்கு மொழித்திறன் கூடுகிறது என்பது. நடித்த கதை மட்டுமல்ல, புதிதாக வாசிக்கிற கதையும் நல்லாக விளங்குகிறது. பிறகு 2019இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிக்கூடங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு வந்தது. கலை அனுபவம் கூடக் கிடைத்த பிள்ளைகளிடம் ஒழுங்கு மீறல் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது, எழுத்துத்திறனும் மற்றவர்மேல் உள்ள பரிவும் ஓரளவு கூடின. ஹூஸ்டன் பள்ளிக்கூடம் வேறு, தீவகத்து வேலணைப் பள்ளிக்கூடம் வேறு. அங்கே பொருந்தியது இங்கே அப்படியே பொருந்தும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பெற்றோரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளை வாய்விட்டுக் கதைக்கும், வாசிச்சது விளங்கும். புலமைப்பரிசில் புள்ளிக்கு நான் பொறுப்புச் சொல்ல ஏலாது." விசித்திரம் என்னவென்றால், பொறுப்புச் சொல்லாததால்தான் பலர் நம்பினார்கள்.

இன்னொரு வழியும் செய்தேன், அது பேச்சைவிடப் பலித்தது. சண்டைக்கு வரக்கூடிய தாய்மாரில் ஒருவரின் அம்மாவை வகுப்புக்குக் கூப்பிட்டேன். அந்த ஆச்சி ஓலைப் பெட்டி இழைப்பதில் கைகாரி. தரையில் சாக்கை விரித்து இருந்து, குருத்தோலையை வார்ந்து, ஈர்க்கை ஒரு பக்கம் ஒதுக்கி, பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாலு ஓலைக் கீற்று கொடுத்தா. "ஒண்டை விட்டு ஒண்டைத் தூக்கு, தூக்கினதுக்குக் கீழால விடு" என்பதைத் தவிர அவ வேறொன்றும் சொல்லவில்லை. பிழைவிட்ட பிள்ளையின் ஓலையைப் பிரித்துத் திருப்பிக் கையில் கொடுத்தா, ஏச்சும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. பிறகு வெத்திலைப் பெட்டி, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, கடகம், சுளகு என்று ஒவ்வொன்றையும் காட்டி எது எதற்கு என்று கேட்டா. நீத்துப்பெட்டியைத் தொப்பி என்று ஒருவன் தலையில் கவிழ்த்தான், ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தா. பின்னேரம் அந்தத் தாய் என்னிடம் வந்தார். சண்டை பிடிக்க இல்லை. "அம்மா ரெண்டு வருசமா இப்பிடிக் கதைச்சதைக் காணேல்ல சேர்" என்றார்.

இப்படி வருகிறவர்களை வெறும் விருந்தாளி ஆக்காதீர்கள். ஆசிரியருக்குப் போடுகிற கதிரையை அவர்களுக்குப் போடுங்கள், போக்குவரத்துச் செலவையாவது பள்ளிக்கூடம் கொடுக்கட்டும். அண்ணாவியார் ஒருவர் வந்தால் முழுக் கூத்தையும் பழக்கச் சொல்லவேண்டாம். ஒரு தாளக்கட்டு, பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடுகிற ஒரு வரவுப்பாட்டு போதும். ராசா எப்படி வருவான், மந்திரி எப்படி வருவான், நடையில் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகள் கேட்கட்டும். அப்புறம் "உங்கட அதிபர் கூத்தில வந்தா எப்படி வருவார்?" என்று விடுங்கள். இதை அதிபர் இல்லாத நேரம் பார்த்துச் செய்வது நல்லது.

எல்லையையும் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்த அடுத்தடுத்த வருடங்களில் பிள்ளைகள் கீறிய படங்களில் ஹெலியும் பங்கரும் வரும். ஒரு பிள்ளை தன் படத்தை முழுக்கக் கறுப்பால் மூடிவிட்டது. அதைக் கதைக்கவைத்தால் பாரம் குறையும் என்று நினைத்து, வகுப்பின் முன்னால் கேட்டேன். பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. அரங்கை வைத்து மனக்காயத்தை ஆற்றுகிற வேலையை இங்கே முறையாகப் பழகிச் செய்தவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தப் பயிற்சி எடுத்தவன் இல்லை, நீங்களும் இல்லை. இன்றைய உங்கள் பிள்ளைகள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் வீட்டுக்குள் குடி, வெளிநாட்டில் இருக்கும் அப்பா, கடலுக்குப் போய்த் திரும்பாத மாமா என்று வேறு கறுப்பு வரலாம். வந்தால் படத்தை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், பிள்ளையைத் தனியாகப் பாருங்கள், உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் சொல்லுங்கள். எல்லாவற்றையும் வெளிப்படுத்த வைப்பது எங்கள் வேலை இல்லை. "எனக்கு இண்டைக்கு ஒண்டும் செய்ய விருப்பமில்லை" என்று சொல்லும் பிள்ளையை ஓரமாக இருந்து பார்க்க விடுவதும் இந்த வேலைக்குள் அடங்கும்.

எப்படி அளப்பது என்றும் கேட்பார்கள், வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்தால் கட்டாயம் கேட்பார். பண்பாட்டு விழிப்புக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று போட எனக்குத் தெரிந்த வழி கிடையாது. நான் செய்தது, முதல் கிழமைப் படத்தையும் தவணை முடிவில் கீறிய படத்தையும் ஒரே கோப்பில் போட்டு வைத்தது. வந்தவருக்கு அதைத்தான் காட்டினேன். சிலருக்கு விளங்கியது, சிலர் பதிவேட்டில் ஒப்பம் வைத்துவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்கள்.

ஆகவே திங்கட்கிழமைக்கு உங்களுக்கு யூடியூப் தேவையில்லை. முதல் கிழமை மலையைக் கீறவிடுங்கள், இரண்டாம் கிழமை வேலியைக் கேளுங்கள். ஓலைக்கு ஆச்சி ஒருவரைக் கூப்பிடுவதென்றால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: காய்ந்த ஓலையை அப்படியே கொண்டுவந்தால் பிள்ளைகளின் கையில் முறிந்துபோகும். முதல் நாள் பின்னேரமே தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.